கங்கு போட்ட கை

மேற்கு அறையில் கூரை இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. குத்தாலிங்கம் அதற்குக் கீழேயே பெஞ்சைப் போடச் சொன்னார்.

“பாக்க வந்தவரு நல்லாப் பாத்துக்கிடட்டும்.”

தென்காசி ரயிலடியிலிருந்து வண்டி பிடித்து வந்திருந்த இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு அண்ணாந்து பார்த்தார். உத்தரம் பாதி கரிந்து நின்றது. அருவியில் இன்னும் தண்ணீர் விழவில்லை. சாரலுக்கு இன்னும் இருபது நாள்.

சாரல் காலத்தில் குற்றாலத்தில் துணி காயாது. தங்க வருகிறவர்களிடம் கைக்குழந்தை இருந்தால், குத்தாலிங்கம் வீட்டில் கேட்காமலே கனப்புச் சட்டியில் கங்கு போட்டுக் கொண்டுபோய் வைப்பார்கள். சட்டிமேல் கூடையைக் கவிழ்த்து, கூடைமேல் பிள்ளைத்துணியை விரிக்க வேண்டும். அவருடைய அப்பா காலத்திலிருந்தே அது வழக்கம்.

போன ஆடியில் ஒரு துணி நழுவிச் சட்டிக்குள் விழுந்தது. துணியிலிருந்து பாய், பாயிலிருந்து தட்டி, தட்டியிலிருந்து கூரை. உயிருக்கு ஒன்றும் இல்லை. அந்த மட்டுக்கும் சுவாமி புண்ணியம்.

வீட்டை அப்போது இன்ஷூர் செய்திருந்த பழைய கம்பெனியின் ஆள் கார்த்திகையில் வந்தார். மூன்று காப்பி குடித்தார், குடைக்கம்பால் சுவரை அளந்தார், போய்விட்டார். பிறகு ஒரே கடிதம் திரும்பத் திரும்ப வந்தது. நெருப்பைக் கவனிக்காமல் விட்டது யார்? பெயரும் ஊரும் எழுதினால் நஷ்டஈடு உடனே வரும். கம்பெனி அதை அந்த ஆளிடம் வசூல் செய்துகொள்ளும். எழுதாதவரை மனு அப்படியே கிடக்கும்.

குத்தாலிங்கம் எழுதவில்லை.

அந்தப் பாலிசியும் இந்த மாதத்தோடு முடிகிறது. இனி அவர்கள் சங்காத்தமே வேண்டாம், வேறு கம்பெனிக்குப் போகிறேன் என்று அவர் கோயில் வாசலில் சொன்னது எப்படியோ சுரண்டைவரை போய்விட்டது. யாரும் கூப்பிடாமல் இந்த ஏஜெண்டு வந்து நின்றார்.

“கம்பெனி மாறுனாலும் பழைய மனு செத்துப்போகாது அண்ணாச்சி. நடந்த தீக்கு அவங்க பொறுப்பு. இனி நடந்தா நாங்க” என்று சொல்லி ஏஜெண்டு தாளை விரித்தார். கட்டைப் பேனாவை மையில் தொட்டு ஒவ்வொரு கேள்வியாக வாசித்தார்.

ஒன்பதாவது கேள்வி: இந்த வீட்டில் இதற்குமுன் தீ விபத்து உண்டா?

“எரிஞ்ச உத்தரத்துக்குக் கீழ இருந்துகிட்டு என்னவே கேள்வி? உண்டுன்னு எழுதும்.”

பத்தாவது கேள்வி: யாருடைய கவனக்குறைவால்?

ஏஜெண்டு பேனாவைத் தாளில் வைக்கவில்லை.

“அந்தப் பேரைச் சொல்லிருங்க அண்ணாச்சி. பழைய கம்பெனிக்கும் நானே கடுதாசி எழுதிருதேன். சாரலுக்குள்ள உங்க கூரை ஏறிரும். தப்புப் பண்ணவங்க கட்டட்டும்.”

“குத்தாலிங்கம்னு எழுதும்.”

“நீங்க எதுக்கு அண்ணாச்சி—”

“கங்கு போட்டது இந்தக் கை. கொண்டுபோய் வச்சதும் இந்தக் கை. மூணு நாளாக் காய்ச்சக்காரப் பிள்ளைய மடியில போட்டுக்கிட்டு இருந்தவ செத்த நேரம் கண்ணசந்தா, அவ மேல என்னவே குத்தம்? எங்க வீட்டை நம்பித் தங்குனவ பேரை நான் ஒரு தாள்லயும் எழுதமாட்டேன்.”

ஏஜெண்டு விடவில்லை. மன்றாடுகிற குரலில் மறுபடியும் கேட்டார். பெயர் இல்லையென்றால் அந்தப் பணம் வரவே வராது என்றார்.

“வராட்டாப் போகுது. இந்த வருஷம் ஓலை வேஞ்சுக்கிடுதேன்.”

“ஓலைன்னா பிரிமியம் கூடும்.”

“கூடட்டும்வே!”

சொல்லிவிட்டுக் குத்தாலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். கூரையில்லாத அந்த அறையில், நெற்றி நிறைய நீறோடு, கல்மண்டபத்துக்குச் சொந்தக்காரர் மாதிரி இருந்தார்.

ஏஜெண்டு அவர் பெயரையே எழுதினார். எழுத்து கொஞ்சம் கோணியது. அடியில், ஏசுவடியான், சுரண்டை என்று தன் கையெழுத்தைப் போட்டார்.

குத்தாலிங்கம் அதைப் பார்த்தார். எழுந்துபோய்ச் சுவர் மாடத்திலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து வந்து அவர் கையில் வைத்தார். உள்ளே கைக்குழந்தை போடுகிற வெள்ளிக் கொலுசு ஒன்று. அதன் திருகாணி ஒரு பக்கம் கறுத்திருந்தது.

“ஓடு பிரிக்கையில சாம்பல்ல கிடந்துச்சு. புளி போட்டுத் தேச்சும் அந்தக் கறுப்பு மட்டும் போகமாட்டேங்கு. தங்கச்சி சுகிர்தத்துக்கிட்ட கொடுத்திரும்.”

ஏசுவடியான் வந்ததிலிருந்து தன் மனைவியின் பெயரை ஒரு தடவையும் சொல்லியிருக்கவில்லை.

தங்க வருகிறவர்கள் பெயர் எழுதும் நோட்டு வாசல் ஆணியில் தொங்கியது. போன ஆடிப் பக்கத்தில் அவள் தன் கையாலேயே எழுதியிருந்தாள்: சுகிர்தம், கைக்குழந்தை ஒன்று, சுரண்டை ஏசுவடியான் சம்சாரம்.

“அந்தப் பணத்தை நாங்க கட்டணும்னுதான் அண்ணாச்சி—” என்று ஏசுவடியான் கொலுசைப் பிடித்தபடி வாயைத் திறந்தார். குத்தாலிங்கம் அவரைப் பேசவிடவில்லை.

“வண்டிக்காரன் காத்துக்கிட்டிருக்கான், கிளம்பும். இந்தச் சாரலுக்கு மூணு பேருமா வரணும். சட்டி புதுசா வாங்கி வச்சிருக்கேன்.”