ஒரு பல் தள்ளி

சிவநேசன் கை கழுவ உள்ளே போனதுதான் தாமதம், குமுதா நகப்பாலிஷ் பாட்டிலைத் திறந்தாள். நாத்தனாரை வீட்டை விட்டு அனுப்புகிற நாளில் இவளுக்கு இப்படி ஓர் அலங்காரமா என்று பார்த்தவர்கள் கேட்டிருப்பார்கள். நல்லவேளை, ஜெலுத்தோங்கின் அந்தச் சந்தில் அப்போது யாரும் இல்லை.

ஆனால் அவள் பூச வந்தது நகத்துக்கு இல்லை. வாசலில் பானெட்டைத் திறந்துபோட்டு நின்ற காரின் எஞ்சினுக்கு.

கிராங்க் ஷாஃப்ட் முனையில் சிவநேசன் காலையில்தான் புதுப் பல்சக்கரத்தை மாட்டியிருந்தான். கம்பெனிக்காரன் ஒரு பல்லில் அடையாளத்துக்குக் குத்தியிருந்த புள்ளி கண்ணுக்கே தெரியவில்லை என்று, அவளுடைய சிவப்புப் பாலிஷை வாங்கி அந்தப் பல்லில் மட்டும் ஒரு சொட்டு வைத்திருந்தான்.

"இந்தச் சிவப்புப் பல்லு, எஞ்சின்ல இருக்கிற அம்புக்குறிக்கு நேரா நிக்கணும். அப்புறந்தான் பெல்ட்டு மாட்டணும். ஒரு பல்லு தள்ளிப் போனாலும் காடி ஓடாதுலா, இருமிக்கிட்டே நிக்கும்" என்று அவளுக்குப் பாடம் வேறு நடத்தினான்.

பாடம் நன்றாகவே மண்டையில் ஏறியிருந்தது. ரிமூவரில் நனைத்த பஞ்சால் குமுதா அந்தச் சிவப்பைத் துடைத்தாள். அதற்கு வலது பக்கத்துப் பல்லில் புதிதாக ஒரு சொட்டு வைத்தாள்.

எல்லாம் நவமணி அக்காவுக்காகத்தான். சிவநேசனின் மூத்த அக்கா, கல்யாணம் கட்டாதவள், இருபத்திரண்டு வருஷமாக இவர்களோடுதான் இருக்கிறாள். குமுதா கழுவி வைத்த தட்டை எடுத்து மறுபடியும் கழுவுவாள். அதுதான் அவள் செய்த பெரிய குற்றம்.

"ஒண்ணு அவங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!" என்று போன மாதம் குமுதா போட்ட கூச்சல் பக்கத்து வீட்டு சபூரா வரைக்கும் கேட்டது. சிவநேசன் உடனே நிபோங் திபாலில் இருக்கும் தம்பிக்கு ஃபோன் போட்டு, அக்காவைக் கொண்டுவந்து விடுவதாகச் சொல்லிவிட்டான்.

நவமணி சிவநேசனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "டாக்சியில ஏத்தி அனுப்பிடாதே தம்பி. ஒன் காடியிலயே கொண்டுபோய் வுடு."

அந்த வாரமே கார் படுத்துவிட்டது. தெருமுனையிலேயே இத்ரீஸ் பட்டறை இருக்கிறது, அரை நாளில் முடித்துக் கொடுத்திருப்பார். சிவநேசனோ, "நானே பாத்துக்கிறேன்" என்று மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாகக் குடைந்துகொண்டிருந்தான். சரியான பிடிவாதக்காரன் என்று குமுதா தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த மூன்று வாரத்தில் அவளுடைய கோபமெல்லாம் வடிந்துபோயிற்று. "போவாதீங்கக்கா" என்று சொன்னால் முடிந்தது. ஆனால் தெருவே கேட்கக் கத்திய வாய், இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்லும்?

இன்று காலை நவமணி எல்லோருக்கும் முன்னால் எழுந்து புளிச்சோறு கிளறி வைத்திருந்தாள். சிவநேசனிடம் பாடம் கேட்டுவிட்டுக் குமுதா உள்ளே வந்தபோது அதை டிபன் கேரியரில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குக்கா இது?" என்று குமுதா கேட்டாள்.

"என்னை வுட்டுட்டுத் திரும்பி வரும்போது ஒங்க ரெண்டு பேருக்கும் பசிக்கும்ல? வழியில எங்க போயி நல்ல சாப்பாடு தேடுவீங்க!"

குமுதா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அழுது முடித்து முகம் கழுவும்போதுதான் அந்தச் சிவப்புப் பல் நினைவுக்கு வந்தது. இன்றைக்குக் கார் ஓடாவிட்டால் இன்னும் ஒரு வாரம் கிடைக்கும். அதற்குள் எப்படியாவது அக்காவிடம் மன்னிப்புக் கேட்டுவிடலாம்.

"என்ன, இங்க நிக்கிற?"

சிவநேசன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். குமுதா பாட்டிலை முந்தானைக்குள் சுருட்டினாள்.

"சும்மாதான்... இன்னிக்கு முடிஞ்சிடுமான்னு பாத்தேன்."

"முடிஞ்சிடும், முடிஞ்சிடும். நீ உள்ள போ" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமலே.

அடுப்படியில் நின்றுகொண்டு குமுதா சத்தங்களை எண்ணினாள். ஸ்பேனர் விழுந்தது. மூடிகளைத் திருகினான். ஒரு மணி நேரம் கழித்து, கார்க் கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடிவந்தாள்.

சிவநேசன் சாவியைப் போட்டான். தண்ணீர்மலை முருகா, இருமட்டும், நின்னுபோகட்டும் என்று குமுதா கண்ணை மூடிக்கொண்டாள்.

இருமவே இல்லை. ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டு, நேற்றுதான் கடையிலிருந்து எடுத்து வந்த கார்போல எஞ்சின் ஓடியது.

குமுதா கண்ணைத் திறந்து எஞ்சினைப் பார்த்தாள். துடைத்தவளும் அவள், மாற்றிப் பூசியவளும் அவள். அப்புறம் எப்படி?

நவமணி பெட்டியோடும் டிபன் கேரியரோடும் வெளியே வந்தாள். "அடேங்கப்பா! பட்டறைக்காரன்லாம் ஒங்கிட்ட தோத்தான் போ" என்று தம்பியைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

சிவநேசன் இறங்கி வந்து, திறந்திருந்த பானெட்டுக்குள் குனிந்தான். இனியும் சொல்லாமல் விட்டால் தான் மனுஷியே இல்லை என்று குமுதாவும் அவன் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"என்னங்க, நான் ஒரு காரியம் பண்ணிட்டேன்..."

அவன் காதில் அது விழவே இல்லை. முகம் வெளுத்துப்போய், ஓடுகிற எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தவன், அக்காவுக்குக் கேட்காத குரலில் சொன்னான்:

"அக்கா போயிடக் கூடாதுன்னு, வேணும்னேதான் சிவப்புக்கு இடது பக்கத்துப் பல்ல அம்புக்குறிக்கு நேரா வெச்சு பெல்ட்டு மாட்டினேன் குமுதா... எப்படிலா ஓடுது?"