ஏற்கெனவே திறந்திருக்கிறது

“மாமா, இனிமே இந்த புரோகிராம் ஒரு நேரத்துல ஒரு இடத்துலதான் திறக்கும். ஒருத்தர் திறந்து வச்சிருந்தா, இன்னொருத்தருக்குத் திறக்காது.”

சொல்லிவிட்டு அதிரா நாற்காலியில் சாய்ந்தாள். போன வாரத்திலிருந்து நெஞ்சில் கிடந்த பாரம் இப்போதுதான் இறங்கியது.

பினாங்கு லிட்டில் இந்தியாவுக்குப் பின் சந்தில் சிக்கந்தரின் பிரியாணிக் கடை. கீழே கடையும் சமையலறையும், மேலே வீடு. ஆர்டர்களையும் மசாலா அளவுகளையும் பார்த்துக்கொள்ளும் புரோகிராம் அதிரா எழுதிக் கொடுத்தது. கீழே கவுண்டரில் ஒரு கம்ப்யூட்டர், மேலே வீட்டில் ஒன்று. எதில் சேமித்தாலும் சமையலறையில் மாட்டிய திரையில் அந்த அளவு தெரியும். இரண்டிலும் ஒரே நேரத்தில் புரோகிராமைத் திறந்து வைத்ததில், பிறகு சேமித்தது முன்பு சேமித்ததை விழுங்கிவிட்டது. மாக் மண்டின் என்ற ஊரிலுள்ள தொழிற்சாலை ஒன்றின் விருந்து ஆர்டர் அப்படியே காணாமல் போனது. சிக்கந்தர் நேரில் போய்க் கைகூப்பி மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அதிராவை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் குத்தியது.

இன்றைக்குச் சுங்கை பாக்காப்பில் பெரிய கல்யாணம். இன்னொரு முறை சொதப்பினால் கடையின் மானம் கப்பலேறிவிடும். அதனால்தான் அடுப்புப் பற்ற வைக்கும் முன்பே வந்து பூட்டைப் போட்டு முடித்திருந்தாள்.

“மேல யாரு மாமா திறக்கிறது?”

“உன் மாமி சலேஹாதான். பாசாருக்குப் போறதுக்கு முன்னால சும்மா பார்ப்பா.”

அதற்குள் சமையல்கார ஹஸ்ருல் மாதிரிச் சட்டியோடு வந்துவிட்டான். எந்தக் கல்யாணமானாலும் முதலில் சின்னச் சட்டியில் சமைத்துப் பார்ப்பது இந்தக் கடையின் பழக்கம். ஒரு கிண்ணம் மேலே வீட்டுக்குப் போகும், ஒரு கரண்டி சிக்கந்தருக்கு வரும். ருசி பார்த்து அவர் பெரிய சட்டிகளுக்கான அளவைக் கம்ப்யூட்டரில் போடுவார். பிறகு ஹஸ்ருல் வேலையைத் தொடங்கும்போது சமையலறைத் திரையில் என்ன இருக்கிறதோ அதை நிறுத்துப் போடுவான். சொந்தப் புத்தி எதையும் கலக்க மாட்டான்.

இதை எத்தனை முறை பார்த்தாலும் அதிராவுக்கு அலுக்காது. சிக்கந்தர் கண்ணை மூடினார். நாக்கில் வைத்தார். கடையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

“உப்பு கொஞ்சம் தூக்கல்லா. ஏலக்காய் இன்னும் ஏறணும்,” என்றார்.

பினாங்கில் பிரியாணியைப் பற்றிப் பேச்செடுத்தால் சண்டையில்லாமல் முடியாது. சிக்கந்தர் கைமணம் என்று வந்தால் மட்டும் எல்லாரும் ஒரே கட்சி. கொரோனாவுக்குப் பிறகு எத்தனையோ கடைகளில் ருசி மாறிவிட்டது. இங்கே மட்டும் அப்படியே இருக்கிறது என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார்கள். புரோகிராம் எழுதப் படித்துக்கொள்ளலாம், இப்படி ஒரு நாக்கை எங்கே போய் வாங்குவது என்று அதிரா பெருமூச்சு விட்டாள்.

மாடிப்படியில் சத்தம் கேட்டது. சலேஹா இறங்கி வந்தாள்.

“அதிரா, மேல திறக்க மாட்டேங்குதேமா. ஏற்கெனவே திறந்திருக்குன்னு வருது.”

அதிரா பெருமை பொங்க விளக்கினாள். கீழே மூடினால்தான் மேலே திறக்கும், இனி ஒரு ஆர்டர்கூட அழியாது என்றாள். சலேஹாவின் முகம் சுருங்கிவிட்டது. பார்க்க மட்டும் தனியாக ஒரு பக்கம் செய்து தரட்டுமா என்று அதிரா கேட்டாள்.

“வெறுமனே பார்த்து என்னமா செய்ய?” என்றாள் சலேஹா. கணவரை ஒரு முறை பார்த்தாள். அவர் காது கேளாதவர் போலத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு படியேறிப் போய்விட்டாள்.

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒருவருடைய பொழுதுபோக்குக்காகக் கல்யாணச் சோற்றில் கை வைக்க முடியுமா? அதிரா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சிக்கந்தர் கூடவே கடை வாசல் வரை வந்தார்.

“அதிரா, பூட்டு நல்ல பூட்டு. அது இருக்கட்டும். ஆனா கீழ உள்ளதை எடுத்துடு. ஒரே இடம்னா அது மேல இருக்கட்டும்.”

அதிரா திகைத்தாள். “அப்ப உங்க அளவை யார் போடுறது மாமா?”

“எனக்குக் கண்ணு மங்குதுன்னு சொல்லிக்கிறேன். நான் படியில நின்னு அளவைச் சொல்றேன், அவ மேல அடிக்கட்டும்.”

“மாமி மாத்தி அடிச்சிட்டா? இன்னிக்குச் சமையலே போயிடும் மாமா.”

சிக்கந்தர் மாடியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“கொரோனா வந்துட்டுப் போனதிலேருந்து எனக்கு உப்பும் தெரியாது, உறைப்பும் தெரியாதுமா. நான் குத்துமதிப்பா போடுறதை எல்லாம் அன்னையிலேருந்து மேல உட்கார்ந்து திருத்துறது அவதான். எனக்கு அது தெரியும்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதே.”