மெதுவாக எரிந்த வாணம்

பொழுது பட்ட கையோடு, சாய்ந்தமருதுக் கடற்கரை மணலில் அதாவுல்லா தன் வாணத்தை நட்டான். முன்பு செய்த இரண்டும் மருந்து அவசரமாய் எரிந்து, தென்னை உயரத்திலேயே வெடித்துத் தொலைத்திருந்தன.

“இந்த முறை மருந்த மெதுவா எரிய வெச்சிரிக்கன், மச்சான். உச்சிக்குப் போய்த்தான் வெடிக்கும்.”

“வந்த வேலையப் பாப்பம்டா,” என்றான் கூட வந்த சிஹான்.

“கொஞ்சம் இரி.”

திரியில் நெருப்பை வைத்தான். வாணம் நிதானமாக ஏறிப்போய், கிழக்கே கடலுக்கு மேலே பச்சைப் பூவாய் விரிந்தது. இருவரும் அண்ணாந்தபடியே கைதட்டினார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஊருக்குள் படபடவென்று வெடிச் சத்தம்.

“பாத்தியா, நம்மடதப் பாத்து ஊரே கொளுத்துது!” அதாவுல்லாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

நன்றாக இருட்டிய பிறகு கைபேசி அடித்தது. மனைவி பஸ்மிலா.

“உங்கட வாணத்தக் கண்டோன நாளைக்குப் பெருநாள் எண்டு ஊரெல்லாம் ஒரே கொண்டாட்டம். நானும் வட்டிலப்பத்துக்கு முட்டையெல்லாம் உடைச்சிட்டன். பள்ளிக்காரங்க வாசல்ல வந்து நிக்காங்க. பிறைய எந்தப் பக்கம் கண்டீங்க எண்டு கேக்காங்க.”

பிறை பார்க்கவென்று பள்ளிவாசல் அனுப்பிய இருவரும் அப்போதுதான் முதன்முறையாக மேற்கே திரும்பினார்கள்.

பிறை இருந்திருந்தாலும், எப்போதோ மறைந்திருக்கும்.