இன்றைக்கு எங்கள் முறை

கதவைத் திறந்த சம்பந்தியின் மீசையில் ஒரு பருக்கை சோறு ஒட்டியிருந்தது.

"வாங்க வாங்க! சும்மா படுத்திருந்தேன்" என்றார், பஸ் டிரைவரான அந்தச் சம்பந்தி.

படுத்துக்கொண்டே சோறு தின்கிற ஆளை, வாசலில் நின்ற தையல்காரர் இதுவரை பார்த்ததில்லை. ஆனாலும் மாப்பிள்ளையின் அப்பா ஆயிற்றே, சிரித்துவைத்தார்.

இன்று ராத்திரி ஹோட்டல் விருந்து பெண் வீட்டார் முறை. நேரத்தைப் போனில் சொன்னால் போதும்தான். ஆனால் நேரில் போய்ச் சொல்வதுதான் மரியாதை என்று வீட்டுக்காரி அவரை மத்தியான வெயிலில் விரட்டிவிட்டாள். எந்த ஹோட்டல் என்று மட்டும் சொல்லவில்லை. டேபிள் சொல்லிவைக்கும் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறாளாம். சஸ்பென்ஸாம்.

மகளுக்கு நிச்சயம் ஆனதிலிருந்து இதே கூத்துதான். முதலில் மாப்பிள்ளை வீட்டார் மீன்தொட்டி வைத்த ஹோட்டலுக்கு அழைத்துப்போனார்கள். சும்மா இருக்க முடியுமா? பெண் வீட்டார் மேடையில் பாட்டுப் பாடுகிற ஹோட்டலுக்கு அழைத்தார்கள். உடனே அவர்கள் மொட்டைமாடியில் மெழுகுவத்தி ஏற்றிவைக்கிற ஒன்றைத் தேடிப் பிடித்தார்கள். அந்த இருட்டில் எதைத் தின்றோம் என்று தையல்காரருக்கு இன்னும் தெரியாது.

எல்லாவற்றிலும் வெண்ணெய், எல்லாவற்றிலும் முந்திரி. நாக்கு செத்துப்போயிருந்தது.

தன் பேன்ட்டை அவரே இடுப்பில் பிரித்துத் தைத்துக்கொண்டார். போன வாரம் சம்பந்தியின் காக்கிப் பேன்ட்டும் கடைக்கு வந்தது. துவைத்ததில் சுருங்கிவிட்டதாம். எந்தத் தண்ணீருக்கும் சுருங்காத துணி அது. தையல்காரர் வாயைத் திறக்காமல் இரண்டு விரல் அகலம் விட்டுத் தைத்துக் கொடுத்தார்.

யாராவது ஒருத்தர் போதும் என்று சொல்ல வேண்டும். சம்பந்தி சொல்வதாகத் தெரியவில்லை. தன் முறை வருகிற நேரம் பார்த்துத் தான் சொன்னால், செலவுக்குப் பயந்துவிட்டான் என்றாகிவிடும். நாளைக்கு அந்த வீட்டில் வாழப்போகிறவள் அவருடைய மகள்.

காலையில் வீட்டுக்காரி, அவர் தைத்துக் கொடுத்த நீலக்கோடு போட்ட பை நிறையப் பச்சைப் பட்டாணியோடு வந்தபோது அவருக்கு உயிரே வந்தது. பட்டாணி சீசன் இப்போதுதான் ஆரம்பித்திருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒன்றை உரித்து வாயில் போடப் போனார். கையைத் தட்டிவிட்டாள். ராத்திரி பெரிய விருந்து இருக்கிறதே, மத்தியானம் அடுப்பே மூட்டவில்லை. பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளம்பி வந்திருக்கிறார்.

இப்போது சம்பந்தி வீட்டுக்குள்ளிருந்து ஒரு வாசனை வந்தது.

பட்டாணிதான். உருளைக்கிழங்கோடு சேர்ந்து வெந்து, மேலே மிளகு தட்டிப் போட்ட பட்டாணி.

மேஜைமேல் செய்தித்தாள் விரித்திருந்தது. நடுவில் மட்டும் கொஞ்சம் மேடாக இருந்தது.

ராத்திரி எட்டு மணிக்கு என்று தையல்காரர் சொன்னார். பிரமாதம், இப்போதே பசிக்கிறது என்று சம்பந்தி சொன்னார். சொல்லும்போது முகம் என்னவோ ஊசி போட வந்த பிள்ளையின் முகம்போல இருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தையல்காரரின் வயிறு பசியில் கடமுடவென்றது. கூடம் முழுக்கக் கேட்டது.

இருவரும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

சம்பந்தியம்மா உள்ளேயிருந்து வந்தார். நேராகப் போய்ச் செய்தித்தாளை உருவினார். அடியில் புருஷன் பாதி தின்ற தட்டு இருந்தது. அதற்கு எதிரே இன்னொரு தட்டை வைத்து, சோறும் பட்டாணியும் போட்டார்.

தையல்காரர் வேண்டாம் என்று ஒரே ஒரு தடவை சொன்னார். இன்னொரு தடவை சொன்னால் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயம்.

பட்டாணி பல்லில் பட்டு உடைந்து இனித்தது. உப்பு உப்பாக இருந்தது, மிளகு மிளகாக இருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மிளகு என்று சொல்லிச் சமாளித்தார். இருவரும் மறுசோறு வாங்கித் தலை நிமிராமல் தின்றார்கள். ஹோட்டல் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

கை கழுவச் சமையலறைக்குள் போனபோதுதான் ஆணியில் தொங்கிய பையைப் பார்த்தார்.

நீலக்கோடு போட்டது. பிடி பிய்ந்துவிடாமல் இருக்க அடியில் குறுக்குத் தையல். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் அவருக்குத் தன் தையல் தெரியும்.

ஈரக் கையோடு திரும்பினார். சம்பந்தியம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகத்தை மட்டும் இந்தப் பக்கம் காட்டவில்லை.

"மீதிப் பாதியை உங்க வீட்டுல உரிச்சுட்டு இருக்காங்கண்ணா. எட்டு மணிக்கு அங்கேயே வந்துடறோம். இன்னிக்கு உங்க முறைதானே?"