மலைமேல் ஒரு வாடகை வீடு

காலி அறையின் சுவரில் கன்னத்தை வைத்து நிற்கிறாள் அவள். சுண்ணாம்பு சில்லென்றிருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே, இந்த மலையூரின் மத்தியான வெயில் பால் கலந்ததுபோல் வெளுத்துக் கிடக்கிறது, தோலைச் சுடவில்லை. காய்ச்சலில் விழுந்து எழுந்ததிலிருந்து, கீழே ஊரில் வெயில் ஏறினாலே அவளுக்குத் தலை சுற்றும், மூச்சு முட்டும். ஈரத்துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு பகலெல்லாம் வெறுந்தரையில் கிடப்பாள். இங்கே வந்த அரைமணி நேரத்தில் முகம் தெளிந்துவிட்டது. பேக்கரி அடுப்படியிலேயே வெந்து பழகிய அவள் கணவன், காதை மூடித் துண்டு கட்டி, கைகளை அக்குளில் செருகி, வாசலருகே நிற்கிறான். “குளிருதா?” “சேச்சே, நல்லாத்தான் இருக்கு.” சொல்லும்போதே பற்கள் தந்தியடிக்கின்றன. அவள் சிரித்துவிடுகிறாள். அந்தச் சிரிப்பை அவன் கண் எடுக்காமல் பார்க்கிறான். வீட்டுக்கார அம்மா சாவியை நீட்டுகிறாள். “ரெண்டு பேர்தானே தங்குவீங்க?” “இவ இருப்பாம்மா. எனக்குக் கீழே வேலை. லீவு கிடைக்கிறப்ப வந்து பார்த்துட்டுப் போவேன்.” பஸ்ஸில் வந்த வழியெல்லாம் அவன் இதைச் சொல்லவில்லை. வீட்டுக்கார அம்மா சாவியை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு வெளியே போகிறாள். இவள் சாவியைத் தொடவில்லை. அவனருகே வந்து, அக்குளிலிருந்து ஒரு கையை உருவித் தன் கழுத்தில் வைத்துக்கொள்கிறாள். அடுப்புச் சூடு பட்டுக் காய்த்த, வெதுவெதுப்பான கை. கீழே ஊரில் அது மேலே பட்டாலே எரியுது என்று தட்டிவிடுவாள். பழக்கதோஷத்தில் அவன் கையை இழுக்கப் பார்க்கிறான். “எடுக்காதீங்க,” என்கிறாள், “இன்னும் கொஞ்ச நேரம்.”