அந்தப் பக்கத்துக் கதவு

புது வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்து பல் டாக்டர் கதவை உள்ளேயிருந்து திறந்தார். மூடினார். மறுபடியும் திறந்தார்.

ஓட்டுகிற சீட்டில் அல்ல, அதற்குப் பக்கத்து சீட்டில்.

விற்பனைப் பெண் மைலேஜிலிருந்து ஏர்பேக் வரைக்கும் மூச்சுவிடாமல் ஒப்பித்து முடித்திருந்தாள். அவர் காதில் ஒன்றும் ஏறவில்லை. பதினேழாவது தடவை கதவு திறந்தபோது அவளுக்கே பொறுக்கவில்லை.

"எல்லாக் கதவும் நல்லாத் திறக்கும் சார்."

"இது திறந்தாப் போதும்மா."

கார் என்னவோ சின்னதுதான். அந்தக் கம்பெனி முன்பு எடுத்திருந்த கெட்ட பெயர்தான் பெரியது.

அவர்களுடைய பழைய வண்டியை வாங்கியவர்கள் பெட்ரோலைவிடச் செருப்புக்குத்தான் அதிகம் செலவழித்தார்கள். அதன் வைப்பர், மழை விட்டுவிட்டதா என்று நன்றாக விசாரித்துக்கொண்ட பிறகே வேலையைத் தொடங்கும். ஒரு திருடன் அதில் ஒன்றைக் கிளப்பிக்கொண்டு போய், மூன்றாவது தெருவில் நிறுத்தி, என்னென்ன பழுது என்று ஒரு பட்டியல் எழுதிச் சீட்டின்மேல் வைத்துவிட்டு நடந்தே போனான். அந்தப் பட்டியலைப் படித்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

இப்போது கம்பெனி திருந்திவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். டாக்டரின் மைத்துனர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

"ஒரு தடவை பட்டது போதாதா மச்சான்? மறுபடியும் அவன் வாசல்லயே போய் நிக்கிறீங்க!"

டாக்டர் பட்டது ஒரே ஒரு கதவினால்தான்.

பதின்மூன்று வருஷத்துக்கு முன் வாங்கிய வண்டி. வாங்கிய மூன்றாம் மாதம், மனைவி உட்காரும் பக்கத்துக் கதவு உள்ளேயிருந்து திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. வெளியேயிருந்து திறந்தால் மட்டும் திறக்கும். "இந்த வண்டிக்கே அப்படித்தான் சார்" என்று சர்வீஸ்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து கடைத்தெருவோ மகள் வீடோ, எங்கே போனாலும் அவர் இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, அவளுக்குக் கதவைத் திறந்துவிட வேண்டும்.

பார்த்தவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டார்கள். பெண்டாட்டியைத் தாங்குவதென்றால் இப்படித் தாங்க வேண்டும் என்று, அந்தத் தெருப் பெண்கள் தங்கள் வீட்டுக்காரர்களைக் குத்திக்காட்டாத நாள் இல்லை. இரண்டு வீடுகளில் இதனாலேயே பேச்சுவார்த்தை நின்றுபோனது.

உண்மையில் அவர் தாங்குகிற ஆளே இல்லை. அடுத்த தெருக் கிளினிக்குக்கு நடந்து போய், நாள் முழுக்க ஊரார் வாயைத் திறந்து பார்ப்பார். வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டுக்கு மட்டும் தன் வாயைத் திறப்பார். கதவைத் திறக்க வரும்போதும், கம்பெனிக்காரனை ஏழு தலைமுறைக்குச் சேர்த்துத் திட்டிக்கொண்டேதான் வருவார்.

அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அவர் சுற்றி வருவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். திறந்ததும் ஒரே வசனம்.

"மெதுவாத்தான் வாங்களேன். நான் எங்க போயிடப் போறேன்?"

ஆஸ்பத்திரி வாசலிலும் அதையே சொன்னாள். அன்றைக்கு அவர் ஓடி வந்திருந்தார்.

கடைசி வாரத்தில் ஒருநாள், "அடுத்த வண்டியும் இதே கம்பெனியில வாங்குங்க" என்றாள். மருந்து மயக்கம் என்று நினைத்துக்கொண்டார். தன்னைப் பூட்டி வைத்த கம்பெனிக்கு யாராவது சிபாரிசு பண்ணுவார்களா?

அவள் போய் நான்கு மாதம். ஒரு மனுஷியை இத்தனை வருஷம் பெட்டிக்குள் அடைத்த மாதிரி அடைத்து வைத்திருந்தோமே என்பது மட்டும் அவரைவிட்டுப் போகவில்லை. இந்தக் கதவு ஒழுங்காகத் திறந்தால், அவளிடம் செய்த பிழையில் பாதியாவது தீரும் என்று வந்திருந்தார்.

பதினெட்டாவது தடவையும் திறந்தது.

"சரிம்மா, எழுதிக்கோங்க."

பழைய வண்டிக்கு மதிப்புப் போடுகிறவர், அதை வாசலில் பார்த்துவிட்டு டேப்லெட்டும் கையுமாக உள்ளே வந்தார். அவர் கேட்பதற்கு முன்பே டாக்டர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பக்கத்து சீட்டுக் கதவு உள்ளேயிருந்து திறக்காது, அதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் கழித்துக்கொள்ளலாம் என்றார்.

"நல்லாத் திறக்குதே சார். இப்பத்தானே அது வழியா இறங்கி வரேன்."

டாக்டர் சிரித்தார். மற்றவர் சிரிக்கவில்லை. டேப்லெட்டில் அந்த வண்டியின் சர்வீஸ் கணக்கை விரலால் தேய்த்துத் தேடினார்.

"ரெண்டாவது வருஷமே சரி பண்ணியாச்சு சார். கம்பெனியே வீட்டுக்கு ஆள் அனுப்பி எல்லாருக்கும் இலவசமா மாத்திக் கொடுத்தாங்க. நீங்க அப்ப வீட்ல இல்ல போல. அம்மாதான் திறந்து பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டிருக்காங்க." இன்னும் கொஞ்சம் கீழே தள்ளினார். "ஐயாவுக்குத் தகவல் சொல்ல வேண்டாம்னும் ஒரு குறிப்பு இருக்கு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். கடைசி எழுத்துக்கு ஒரு நீளமான வால். அவளுடைய கையெழுத்துதான்.

நேராக வாசலுக்குப் போனார்.

கையெழுத்து வாங்க வேண்டிய படிவத்தோடு விற்பனைப் பெண் தேடிக்கொண்டு வந்தபோது, அவர் பழைய வண்டியில் மனைவியின் சீட்டில் உட்கார்ந்திருந்தார். கதவு மூடியிருந்தது. கைகள் இரண்டும் மடியில் இருந்தன.

ஓட்டுகிற சீட்டின் பக்கத்து ஜன்னல் வழியாக அந்தப் பெண் குனிந்து பார்த்தாள்.

"என்ன சார், கதவு திறக்கலையா?"

"திறக்காதும்மா," என்றார். "சுத்தி வந்துதான் திறக்கணும்."