பன்னிரண்டு கிராம் ஈயம்

பெரம்பலூரில் அதிகாரிகளும் காண்டிராக்டர்களும் டென்னிஸ் ஆடுகிற கிளப் ஒன்று உண்டு. அதன் மதிலை ஒட்டிய சின்ன அறைதான் தர்மனின் கடை. மட்டைக்கு நரம்பு கட்டுவார், பிடி மாற்றுவார். ஆனால் அவர் பெயர் திருச்சி வரைக்கும் போனது வேறொரு வேலைக்காக. மூன்று மட்டைகளைக் கொடுத்தால் மூன்றையும் ஒரே எடையாக, ஒரே சமநிலையாக ஆக்கித் தருவார். நகைக்கடைத் தராசில் வைத்து நிறுப்பார். பிறகு மரச்சட்டத்தின் விளிம்பில் படுக்க வைத்து, எந்த இடத்தில் சாயாமல் நிற்கிறது என்று அளப்பார். இடம் தவறினால் துளி ஈயத் தகட்டை ஒட்டிச் சரிக்கட்டுவார். அதற்கப்புறம் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து வீசினால் எது எதுவென்று சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அரியலூர் காசிநாதன் கடைக்குள் நுழைந்து, கேட்காமலே ஷட்டரைப் பாதி இறக்கினார். சுண்ணாம்புக்கல் குவாரி முதலாளி. பெர்மிட் முடிந்து எட்டு மாதமாகக் குவாரி பூட்டிக் கிடக்கிறது. புதுப்பிக்க வேண்டிய கோப்பு அதிகாரி மணிமாறனின் மேசையில் தூங்குகிறது. எந்தத் துறை அதிகாரி என்று கேட்காதீர்கள். கையெழுத்துப் போடுகிற துறை. கிளப்புக்குத் தலைவரும் அவரேதான்.

“ஞாயித்துக்கெழம ஃபைனல்ல எனக்கும் ஐயாவுக்கும் மேட்ச்சு. நீங்கதாண்ணே காப்பாத்தணும். பேட்டுல ஒரு தில்லுமுல்லு பண்ணணும்.”

தர்மன் எழுந்து ஷட்டரை மறுபடி தூக்கப் போனார். “ஐயா பேட்டுல கை வெக்கச் சொல்லாதீங்க மொதலாளி. தெரிஞ்சா நாளைக்கே கடையக் காலி பண்ணச் சொல்லிடுவாரு. இத வுட்டா எனக்கு வேற பொழப்பு கெடையாது.”

“ஐயா பேட்ட யாரு கேட்டா? எம் பேட்டக் கெடுத்துக் குடுங்க. நான் தோக்கணும்.”

இதில் வாயைப் பிளக்க ஒன்றுமில்லை. அந்தக் கிளப்பில் மணிமாறனிடம் தோற்பது விண்ணப்பத்தின் கடைசிப் பக்கம் மாதிரி. அதை இணைக்காமல் எந்தக் கோப்பும் நகராது.

“அதுக்குப் பேட்டு என்னாங்க பண்ணிச்சு? நாலு பந்த வெளியில அடிச்சிட்டு வந்துடுங்களேன்” என்றார் தர்மன்.

“கொளஞ்சி அப்படித்தான அடிச்சாரு?”

கொளஞ்சி ரோடு காண்டிராக்டர். போன வருடம் ஏழு பந்துகளை வேண்டுமென்றே மதிலுக்கு மேலே அடித்தார். “என்ன அவமானப்படுத்துறீங்களா?” என்று கேட்டுவிட்டு, ஆட்டத்தைப் பாதியிலேயே விட்டுப் போனார் மணிமாறன். கொளஞ்சியின் கோப்பை ஆபீசில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

“நெசமா ஆடி நெசமாவே தோக்கணும்ணே. எங் கை சொன்ன பேச்சு கேக்காது. காலேஜுல ஆடுன பழக்கம், பந்தப் பாத்தா அதுவா அடிச்சிடும். குவாரி தொறந்தாதான் உங்க தம்பிக்கும் லாரி ஓடும், பாத்துக்கங்க.”

தர்மனின் தம்பி ராஜதுரை அந்தக் குவாரியில்தான் லாரி டிரைவர். எட்டு மாதமாக வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறான். தர்மன் மறுபேச்சில்லாமல் மட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. பிடிக்குள் இருந்த பன்னிரண்டு கிராம் ஈயத்தை உருவி எடுத்து, மட்டையின் உச்சியில் வெளியே தெரியாமல் பதித்தார். தராசில் வைத்தால் பழைய முந்நூற்றுப் பத்து கிராம்தான் காட்டும். வீசினால் மண்வெட்டி. இருபது வருடமாக மட்டைகளைச் சமன் செய்த மனுஷன், முதல் தடவையாக ஒன்றைத் தெரிந்தே கெடுத்திருக்கிறார். வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கடை வாசலில் ஜீப் வந்து நின்றது. எப்போதும் டிரைவர்தான் மட்டைகளைக் கொண்டுவருவார். அன்று மணிமாறனே பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். அவரும் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

மேசையில் கிடந்த மட்டையை எடுத்து ஒரு வீச்சு வீசினார். முகம் மாறியது.

“காசிநாதன் பேட்டுதான இது? தல ஏன் இப்படிக் கனக்குது? என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?”

தர்மன் பொய் சொல்லிப் பார்த்தார். இரண்டு வார்த்தைக்கு மேல் வரவில்லை. பிடியிலிருந்து உச்சிக்குப் போன பன்னிரண்டு கிராம், பூட்டிய குவாரி, தம்பியின் லாரி என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

“தப்புதாங்கய்யா. கடைய மட்டும் புடுங்கிடாதீங்க. ரெண்டு புள்ளைங்க படிக்குதுங்க.”

மணிமாறன் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். காலி செய்யச் சொல்லும் உத்தரவை டைப் அடித்தே கொண்டுவந்துவிட்டார் என்று தர்மன் நினைத்தார்.

“படிங்க” என்றார் மணிமாறன்.

அது மேலிடத்திலிருந்து மணிமாறனுக்கு வந்திருந்த கடிதம். ‘தாங்கள் இங்கு பொறுப்பேற்ற நாள்முதல் ஆடி முடித்த நாற்பத்தோரு டென்னிஸ் ஆட்டங்களிலும் வெற்றி பெற்றுள்ளீர்கள். தோல்வியுற்ற நாற்பத்தோரு பேரின் கோப்புகளிலும் அந்தந்த வாரமே கையெழுத்திட்டுள்ளீர்கள். இது குறித்து விசாரிக்க வரும் அலுவலர்கள் இருவர், ஞாயிற்றுக்கிழமை நடைபெறும் இறுதி ஆட்டத்தை நேரில் பார்வையிடுவார்கள்.’

தர்மன் நிமிர்ந்து பார்த்தார். மணிமாறன் பையைத் திறந்து தம்முடைய மூன்று மட்டைகளையும் மேசையில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

“அவருக்குப் பன்னெண்டுன்னா எனக்கு இருவது போடுங்க தர்மன், மூணு பேட்டும் ஒண்ணு போலத் தோக்கணும்.”